அண்டா வழக்கும் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும்

கைதிக் கூண்டைச் செய்ததே யசீகரன்தான். ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கிடங்கில் உடைந்துபோன மரப் பேலட்டுகளைக் கேட்டு வாங்கி, இரண்டு சனிக்கிழமை ஆணி பிடுங்கி, பலகை இழைத்து, நெஞ்சளவு உயரத்துக்கு மூன்று பக்கமும் அடைத்து, நாலாவது பக்கத்துக்குக் கதவும் வைத்துக் கொடுத்தான். கொண்டி போடவா என்று கேட்டதற்கு, கட்டாயம் போடு, வெளிப்பக்கம் போடு என்றார் தமிழ் மன்றத் தலைவர் கோதண்டராமன். தன்னை வைத்து அடைக்கப்போகிற கூண்டு என்று தெரிந்தேதான் வெளிப்பக்கம் போட்டான். வேலை என்று வந்துவிட்டால் அவனுக்கு அரைகுறையாகச் செய்ய வராது.

யோசனை கோதண்டராமனுடையது. கிளென்ஃபீல்டில் வீடு, கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பதவி, வாரத்துக்கு ஒரு புத்தகம் படிக்கிறவர். ஆக்லாந்தின் பாரம்பரிய வாரத்துக்கு ஒவ்வொரு சமூகமும் ஏதாவது செய்து காட்டினால் மண்டபம் வாடகையில்லாமல் கிடைக்கும். போன வருடம் மன்றம் நடனம் வைத்ததில், ஆடினவர்களின் அம்மா அப்பாவைத் தவிர யாரும் வரவில்லை. இந்த வருடம் 1850ஆம் ஆண்டு ஆக்லாந்தில் ஜூரி விசாரணை எப்படி நடந்ததோ அப்படியே தமிழில் நடத்திக் காட்டுவது என்று முடிவெடுத்தார். ஆடு திருடிய மாலுமி ஒருவனின் கதையை எழுதிக் கமிட்டியில் வாசித்தார். இருவர் கொட்டாவி விட்டார்கள். அப்போதுதான் யாரோ, நம்மகிட்டயே ஒரு கேஸ் இருக்கே என்று எடுத்துக் கொடுத்தார்கள்.

அது அண்டா கேஸ். முந்நூறு பேருக்குப் பொங்கல் வைக்கிற பித்தளை அண்டா. யாழ்ப்பாணத்தார் கிடாரம் என்பார்கள். மன்றம் அதைக் கப்பலில் வரவழைத்து நாலு வருடமாகிறது. ஜனவரியில் பொங்கலுக்குப் பிறகு அதைக் காணவில்லை. கடைசியாக அதைப் பார்த்தவர்கள் யசீகரனின் வாகனத்துக்குள் பார்த்திருக்கிறார்கள். முகத்துக்கு நேரே யாரும் அவனைக் கள்ளன் என்று சொல்லவில்லை. படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அவன் மண்டபத்துக்குள் நுழைந்தால் பேச்சை நிறுத்துவார்கள். சமையல் பாத்திரம் எது தேடினாலும், யசீகரனைக் கேளுங்க என்று சிரிப்பார்கள். பாதுகாப்புக்காக எல்லாருடைய சாவியையும் மாற்றுகிறோம் என்று சொல்லி அவனிடமிருந்த சாமான் அறைச் சாவியை வாங்கினார்கள். மாறியது அவனுடைய சாவி மட்டும்தான்.

அண்டா எங்கே இருக்கிறது என்று யசீகரனுக்கு நன்றாகத் தெரியும். ரங்கநாதனுடைய கராஜில் இருக்கிறது.

ரங்கநாதன் அவன் வேலை செய்கிற கிடங்கின் மேனேஜர். பிப்ரவரியில் புதுவீடு புகுந்தபோது அவர் மனைவி சுந்தரி போன் செய்து அண்டாவைக் கேட்டார். இவன்தான் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினான். விழா முடிந்தது, அண்டா திரும்பவில்லை. மார்ச் மாதக் கூட்டத்தில் அண்டாவைக் காணோம் என்று பேச்சு எழுந்தபோது ரங்கநாதன் முன்வரிசையில் இருந்தார். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். மன்றத்தின் பொருள்களை யாரும் சொந்த விசேஷத்துக்கு எடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே அவர் என்பதால் எழ முடியவில்லை. ஒரு கூட்டத்தில் எழாதவர் அடுத்த கூட்டத்தில் எப்படி எழுவார்? எட்டு மாதம் ஓடிவிட்டது.

ஸ்மோக்கோ நேரத்தில், அதுதான் கிடங்கின் தேநீர் இடைவேளையில், ஒருநாள் அவர் இவனைத் தனியாகக் கூப்பிட்டு, நான் பாத்துக்கிறேன் யசி, நீ ஒண்ணும் சொல்லிக்காதே என்றார். இவனும் சொல்லவில்லை. காரணம் விசுவாசம் அல்ல, முழங்கால். பதினொரு வருடம் ஒரு நாளைக்கு இருநூறு தடவை ஃபோர்க்லிஃப்டில் ஏறி இறங்கிய முழங்கால்கள் இரண்டும் குளிர்காலத்தில் பூட்டிக்கொள்கின்றன. பகல் ஷிப்டுக்கு லீடிங் ஹேண்ட் வேலை ஒன்று காலியாகியிருந்தது. பத்துப் பேரை மேய்க்கிற வேலை; கையில் அட்டையோடு நடந்தால் போதும். யாருக்கு என்று எழுதுகிற கை ரங்கநாதனுடையது. நாடகத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை அந்தப் பெயர் ஒட்டப்படும்.

நாடகத்தில் கைதியாக நிற்கச் சொல்லி வந்தவரும் அவரேதான். "ஜூரித் தலைவரே நான்தான் யசி. நிரபராதின்னு சொல்லிடுறேன். எல்லாரும் கைதட்டுவாங்க. பேச்சு அதோட முடிஞ்சிடும்." அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். பெயரும் துடைபடும், வேலையும் கிடைக்கும். ரங்கநாதனின் பெயரை இழுக்காமல், நான் எடுக்கவில்லை, கேட்டவர்களிடம் கொடுத்தேன் என்ற அளவில் நாலு வாக்கியம் தயார் செய்தான். மூன்று வாரம் ஃபோர்க்லிஃப்டில் பின்னுக்கு வரும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்தான். வண்டியின் பீப் பீப் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை பாபடோயிட்டோய் மண்டபத்தில் நூற்றைம்பது பேர் கூடிவிட்டார்கள். நாற்காலிகளை ஏழு மணிக்கே வந்து போட்டவனும் யசீகரன்தான்.

முதல் சிக்கல் ஜூரியில் வந்தது. அந்தக் காலச் சட்டப்படி ஜூரிகள் பன்னிரண்டு பேரும் ஆண்களாக இருக்க வேண்டும், சொந்த நிலம் உள்ளவர்களாக இருக்க வேண்டும். பெண்கள் கூடாது என்றதைக் கூட்டம் அமைதியாக ஏற்றுக்கொண்டது. பெண்களைத்தான் யாரும் கேட்கவில்லை. வாடகை வீட்டுக்காரர்கள் கூடாது என்றபோது பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. பிறகு மார்ட்கேஜ், அதுதான் வீட்டுக்கடன், உள்ள வீடு சொந்த வீடா, பேங்க்கின் வீடா என்று ஒருவர் சந்தேகம் கிளப்ப, அரைமணி நேரம் அதிலேயே போயிற்று. கறாராகப் பார்த்தால் பேங்க் மேனேஜர்களைத்தான் ஜூரியில் உட்காரவைக்க வேண்டும் என்று தெரிந்ததும், மார்ட்கேஜும் சொந்தம்தான் என்று கோதண்டராமன் தீர்ப்பளித்தார். அப்படியும் பதினோரு பேர்தான் தேறினார்கள். பன்னிரண்டாவதாக, கடன் முழுவதையும் கட்டி முடித்த ஒரே ஆளான தவராசாவைப் பிடித்து உட்காரவைத்தார்கள். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற சர்க்கரை நோயாளி. எனக்குச் சீனி வருத்தம் இருக்குது, நேரத்துக்குச் சாப்பிட வேணும் என்று சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கோதண்டராமன் நீதிபதி. வெள்ளைப் பஞ்சுச் சுருள் விக் வைத்திருந்தார். சந்தீப் கைதியின் வக்கீல். வாரநாட்களில் விசா படிவம் நிரப்பிக் கொடுக்கிற இளைஞன். பல் டாக்டர் ஒருவர் அரசுத் தரப்பு. தலைவரின் மருமகன் நிதின் கான்ஸ்டபிள். யசீகரனைக் கூண்டில் விட்டு வெளிப்பக்கம் கொண்டியைப் போட்டான்.

சாட்சிகள் இருவர் வந்தார்கள். அண்டாவை யசீகரனின் வாகனத்தில் பார்த்ததாக இருவரும் சொன்னார்கள். அது பொங்கலன்றா, பிறகா என்று சந்தீப் கேட்டான். பொங்கலன்றைக்குத்தான் என்றார் ஒருவர். அன்றைக்கு அதை மண்டபத்துக்குக் கொண்டுவந்ததே இவன்தானே, வாகனத்தில் இல்லாமல் தலையிலா கொண்டுவருவான் என்று கேட்கச் சந்தீப்புக்குத் தோன்றவில்லை. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

தன் முறை என்று நினைத்து யசீகரன் தொண்டையைச் செருமினான். நீதிபதி சுத்தியலால் மேசையில் தட்டினார்.

"கைதி பேசக் கூடாது."

"என்ர பக்கத்தைச் சொல்ல வேணும் சேர்."

"அந்தக் காலத்துல குற்றம் சாட்டப்பட்டவன் சாட்சி சொல்ல முடியாது யசீகரன். பொய் சொல்லுவான்னு சட்டத்துக்கு ஒரு நம்பிக்கை. வக்கீல் இல்லாதவனா இருந்தா ஜூரிகிட்ட ஏதோ பேசலாம். உனக்குத்தான் வக்கீல் வெச்சுக் கொடுத்திருக்கோமே."

சபை ரசித்துச் சிரித்தது. எவ்வளவு ஆராய்ச்சி பண்ணியிருக்கார் பாருங்க என்று யாரோ சொன்னது யசீகரனின் காதில் விழுந்தது. நாலு வாக்கியத்தையும் விழுங்கிக்கொண்டு நின்றான். ரங்கநாதன் ஜூரி வரிசையிலிருந்து கண்ணைக் காட்டினார். பொறு, நான் இருக்கேன் என்கிற மாதிரி. சந்தீப் எழுந்து, என் கட்சிக்காரர் கடுமையான உழைப்பாளி, இந்தக் கூண்டைக்கூட அவரே செய்தார், எவ்வளவு உறுதி பாருங்கள் என்று வாதத்தை முடித்தான். பன்னிரண்டு பேரும் கூண்டைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

பன்னிரண்டரை மணிக்கு ஜூரியைச் சமையலறைக்குள் அனுப்பினார்கள். ஒருமனதாக முடிவு சொல்லும்வரை சாப்பாடு, தண்ணீர், நெருப்பு எதுவும் கிடையாது என்பது பழைய விதி. நிதின் உள்ளே போய்க் கெட்டிலைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினான். ஒரு மணிக்குச் சாப்பாடு என்று அழைப்பிதழில் போட்டிருந்ததால், அரைமணி நேரத்தில் நீதி கிடைத்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பிரியாணி முன்னறையில் சூடாக இருந்தது.

கூண்டு இருந்த இடம் சமையலறைச் சுவரோரம். பரிமாறுகிற ஜன்னலின் தகரக் கதவு நாலு விரல் அளவு இறங்காமல் நிற்கும். அதன் வழியே உள்ளே பேசுவது அத்தனையும் யசீகரனுக்குக் கேட்டது.

முதல் கால்மணி நேரம் அவர்கள் வட்டி வீதத்தைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ஒருவர், என்னங்க சொல்லிடலாம், நிரபராதிதானே என்றார். நாலைந்து குரல் ஆமா ஆமா என்றது. யசீகரன் மூச்சு விட்டான். அப்போது இன்னொரு குரல் கேட்டது. "அவன் இல்லைன்னா வேற யாரு எடுத்தது? மறுபடியும் தேடணும்ல? ஒவ்வொருத்தர் கராஜாப் போய்ப் பாத்துடலாம்."

அடுத்துப் பேசியது ரங்கநாதன்.

"நாடகம்தானேங்க இது. நிரபராதின்னு சொன்னா அதோட முடிஞ்சுது. குற்றவாளின்னாத்தான் தண்டனை சீன் இருக்கு. தலைவர் அதுக்குத்தானே விக்கெல்லாம் வாங்கியிருக்காரு. யசி தப்பா எடுத்துக்க மாட்டான். என் ஸ்டாஃப்தான்."

"கிடாரத்தை அவன் களவெடுத்ததை ஆர் கண்டது?" என்றது தவராசாவின் குரல். "ஒருத்தரும் காணேல்லை. நான் ஓம் எண்டு சொல்லமாட்டன்."

ரங்கநாதன் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல் தகரக் கதவின் கீழே இன்னும் தெளிவாக வந்தது. "நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. கிடங்குலயும் கொஞ்ச நாளா சாமான் குறையுது. யாரையும் நான் சொல்லல. ஆனா இவன் பண்ணியிருக்க மாட்டான்னு சத்தியம் பண்ண என்னால முடியாது."

யசீகரன் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பதினொரு வருடத்தில் அந்தக் கிடங்கிலிருந்து ஒரு கையுறையைக்கூட அவன் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. இது நாடகத்தில் எழுதியிருந்த வசனமும் அல்ல.

அதன்பின் பதினோரு பேரும் ஒரு பக்கம், தவராசா ஒரு பக்கம். ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. உள்ளே வழக்கு மறந்துபோய், யாருக்கு எத்தனை மாத்திரை, யாருக்கு எத்தனை மணிக்குச் சாப்பிட்டாக வேண்டும் என்கிற பேச்சே நடந்தது. ஒருவர் அலமாரியில் பழைய பிஸ்கட் பாக்கெட் ஒன்றைக் கண்டுபிடித்தார். கதவுக்கு வெளியே காது வைத்திருந்த நிதின் உள்ளே போய் அதையும் பறித்துக்கொண்டு வந்தான். இரண்டு மணிக்குத் தவராசாவின் குரல் மெல்லியதாகிவிட்டது. எனக்குக் கை நடுங்குது, அந்த பிஸ்கட்டில ஒண்டையாவது வாங்கித் தாங்கோ என்றார். ஒரு வார்த்தை சொன்னால் பிரியாணியே சாப்பிடலாமே அண்ணே என்று பதில் வந்தது.

இரண்டு பத்துக்குக் கதவு திறந்தது. பன்னிரண்டு பேரும் மணத்தைப் பார்த்து நடக்கிறவர்கள் மாதிரி வெளியே வந்தார்கள். தவராசாவை இருவர் பிடித்து வந்தார்கள்.

நீதிபதி முடிவைக் கேட்டார். குற்றவாளி என்றார் ரங்கநாதன். சபை கைதட்டியது, நாடகத்துக்குக் கைதட்டுவது போல. யசீகரனின் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

கோதண்டராமன் விக்கைச் சரிசெய்துகொண்டு தாளைப் பார்த்து வாசித்தார். இதுவும் பழைய வழக்கம். தீர்ப்பு வந்த பிறகு, தண்டனைக்கு முன்னால், கைதியிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அத்தனை நேரம் வாயை மூடிவைத்திருந்தவனுக்கு அங்கேதான் சட்டப்படி வாய் திறக்கும். "உனக்கு ஏன் தண்டனை விதிக்கக் கூடாது என்பதற்குச் சொல்ல ஏதாவது உண்டா?" தாளின்படி யசீகரன் ஒன்றுமில்லை என்று சொல்லித் தலைகுனிய வேண்டும்.

"ஓம் சேர். இருக்கு" என்றான்.

கோதண்டராமன் தாளைப் புரட்டினார். அதில் அடுத்தது தண்டனைதான் இருந்தது.

"பெப்ரவரி பதினாறாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. ரங்கநாதன் அண்ணை வீட்டுக் குடிபூரலுக்குக் கிடாரம் வேணும் எண்டு சுந்தரி அக்கா போன் எடுத்தவ. நான்தான் கொண்டுபோய் இறக்கினனான். அவற்ற கராஜுக்குள்ள இடப்பக்கம், கடதாசிப் பெட்டியளுக்குப் பின்னால இருக்குது. மாச்சிலயிருந்து நான் கள்ளன் எண்டு நீங்கள் எல்லாரும் கதைக்கிறது எனக்குத் தெரியும். அவர் பாத்துக்கொள்ளுறன் எண்டவர், அதால பேசாமல் இருந்தனான். இப்ப உள்ளுக்குள்ள இருந்து, கிடங்கிலயும் களவு போகுது எண்டு சொன்னவர். அதுவும் எனக்குக் கேட்டது."

இரவு ஷிப்ட் முடித்து, தூங்கி எழுந்து, சாப்பாட்டுக்கென்று சற்று முன்னால் வந்திருந்த நர்ஸ் சுந்தரி வாசலருகே கைப்பையோடு நின்றிருந்தார். அங்கிருந்தே கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"காணாமப் போனது வேற அண்டான்னுல்ல என்கிட்ட சொன்னீங்க?"

ரங்கநாதன் தரையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பதினோரு பேரும் தங்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

கோதண்டராமன் படித்தவர் என்பதால் சீக்கிரம் சமாளித்துக்கொண்டார். தீர்ப்பு பதிவாகிவிட்டது, சாட்சிக்கான நேரம் முடிந்துவிட்டது, அந்தக் காலத்தில் மேல்முறையீடு கிடையாது, நாம் வரலாற்றை மாற்ற முடியாது என்றார். பிறகு தாளில் இருந்தபடியே, கடல் கடந்து ஏழு வருடம் நாடுகடத்தல் என்று தண்டனையை வாசித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு எழுந்தார். கொண்டியைத் திறக்க நிதினுக்கும் ஞாபகமில்லை. யசீகரன் மேலே கையை விட்டுத் தானே திறந்துகொண்டு வெளியே வந்தான்.

சாப்பிடும் இடத்தில் எல்லாரும் பிரியாணியில் உப்புச் சரியாக இருக்கிறதா என்பது பற்றி மிகவும் அக்கறையாகப் பேசினார்கள். தவராசா கோப்பையோடு அவனிடம் வந்தார். நாக்கு வறண்டு போட்டுது தம்பி, கண் இருட்டிக்கொண்டு வந்தது, நானும் ஓம் எண்டிட்டன் என்றார். முதலில் சாப்பிடுங்கோ அண்ணை என்றான் யசீகரன். அவர்மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. பசியில் கையெழுத்துப் போட்டவர்களை ஊரில் அவன் நிறையப் பார்த்திருக்கிறான்.

கோதண்டராமன் அவன் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போனார். பழைய சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறதாம். தவறுதலாகத் தண்டிக்கப்பட்டவனைக் கவர்னர் மன்னிக்கலாம். மன்றத்தின் முத்திரையோடு மன்னிப்புக் கடிதம் ஒன்று தந்துவிடுகிறேன், கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம் என்றார்.

"செய்யாததுக்கு என்னத்தை மன்னிக்கிறது சேர்? செய்யேல்லை எண்டு எழுதித் தாங்கோ."

அப்படி ஒரு படிவம் அந்தக் காலத்தில் இல்லை என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

திங்கட்கிழமை கிடங்கின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளில் வேறொரு பெயர் இருந்தது. சேர்ந்து எட்டு மாதமே ஆன பையன். முழங்கால் நன்றாக இருக்கும். மத்தியானம் ரங்கநாதன் இவனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முடிவு தான் மட்டும் எடுத்ததில்லை, குழுவோடு ஒத்துப்போகிற தன்மை என்று ஒன்றையும் பார்க்கிறார்கள் என்று ஏதேதோ சொன்னார். கிடங்கில் சாமான் குறைந்ததா என்று யசீகரன் கேட்டான். இல்லை, அது சும்மா வாய் தவறி வந்தது என்றார். அதை எழுதித் தரமுடியுமா என்று கேட்டான். எழுதித் தந்தார். கை கொஞ்சம் நடுங்கியது; அன்றைக்கு அவர் வேளைக்குச் சாப்பிட்டுத்தான் இருந்தார்.

"நீ நேத்து வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்த வேலை உனக்குத்தான் யசி."

"வாயை மூடிக்கொண்டு நிண்டதுக்குத்தானே அண்ணை குற்றவாளி எண்டு சொன்னீங்கள்."

அவர் பேனாவை மூடினார். பிறகு, வேறு பேச்சு போல, சனிக்கிழமை வாகனத்தைக் கொண்டுவந்து அந்த அண்டாவை எடுத்துப்போய் மண்டபத்தில் போட முடியுமா, தீபாவளிச் சமையலுக்கு வேண்டும் என்கிறார்கள், சுந்தரி வீட்டில் பேசுவதில்லை என்றார்.

"நீங்கள் கொண்டுபோய்க் குடுங்கோ" என்றான் யசீகரன். "ஆக்கள் பாக்கட்டும்."

மடித்த தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துபோய், ஃபோர்க்லிஃப்டின் படியில் இடது காலை வைத்து, கம்பியைப் பிடித்து ஏறினான். முழங்கால் சத்தம் போட்டது.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பாபடோயிட்டோய் கடைத்தெருவில் வழக்கமான நெரிசல். கருவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்க வந்த சனம் அத்தனையும் நடைபாதையில் நின்றது. ரங்கநாதனின் வெள்ளைக் காரின் டிக்கிக்குள் அண்டா போகவில்லை போலிருக்கிறது. கூரைமேல் கவிழ்த்து வைத்து, நைலான் கயிற்றை ஜன்னல் வழியாக விட்டுச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பக்கத்து இருக்கையில் நிதின் வெளியே கையை நீட்டி அதன் விளிம்பைப் பிடித்திருந்தான். வெயிலில் பித்தளை பளபளத்தது. விழுந்துவிடும் என்ற பயத்தில் ரங்கநாதன் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார். சிக்னலுக்குச் சிக்னல் சிவப்பு விழுந்தது. ஒவ்வொன்றிலும் நின்று, நேராகப் பார்த்தபடி, பச்சைக்குக் காத்திருந்து போனார்.